இங்கிலீசு வாத்தியார் தயாராவது எப்படி? வாழவந்தி நாட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆங்கிலம் குறித்து நாம் நிறையவே பேசியாயிற்று. ஏகாதிபத்தியத்தின் மொழி என்கிறோம். அடித்தள மக்களுக்கு அதுவே ஏணி என்கிறோம். இரண்டுமே உண்மைதான். ஆனால் இந்த விவாதங்களில் ஓர் ஆள் மட்டும் எப்போதும் காணாமல் போய்விடுகிறார். ஒன்பதாம் வகுப்பில் சாக்பீசும் கையுமாக நிற்கிற இங்கிலீசு வாத்தியார்தான் அவர். மொழியின் அதிகாரம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் கடைசியில் இவர் வாய் வழியாகத்தான் பிள்ளைகளிடம் போய்ச் சேருகிறது. இவர் எப்படி உருவாக்கப்படுகிறார்? எதைக் கற்கச் சொல்கிறார்கள், எதை மறக்கச் சொல்கிறார்கள்? இக்கட்டுரை அதைப் பற்றியது.

கேள்வியை மையத்திலிருந்து கேட்காமல் விளிம்பிலிருந்து கேட்போம். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று வாழவந்தி நாடு. மலைக்குத் தலைமையிடமான செம்மேடு இங்குதான் இருக்கிறது. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (இப்பெயருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் கிடையாது.) மிளகு, காப்பி, அன்னாசி, பலா, மரவள்ளி விளைகிற பூமி. பிள்ளைகளுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, ஊர்ப்பேச்சில் ஜி.டி.ஆர். ஸ்கூல். அங்கே படித்த ஒரு பெண், 'நான் இங்கிலீசு டீச்சர் ஆவேன்' என்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். பெண் கற்பனை. அவள் நடக்க வேண்டிய பாதை கற்பனையல்ல.

1. பாதை

முதலில் காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ அரசு கலைக் கல்லூரியில் மூன்றாண்டு பி.ஏ. ஆங்கில இலக்கியம். சாசரில் ஆரம்பித்து ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த் என்று போகும். பிறகு பி.எட். அரசு கல்வியியல் கல்லூரிகள் தமிழ்நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவளது மாவட்டத்தில் இருப்பது குமாரபாளையத்தில், மலைக்கு நேரெதிர்க் கோடியில், காவிரிக் கரையில். அங்கே இடம் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. ஓராண்டாக இருந்த பி.எட்., ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளால் 2015 முதல் இரண்டாண்டாயிற்று. ஆக, பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருடம்.

பிறகு தகுதித் தேர்வு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010 ஆகஸ்டில் தேசியக் குழுமம் வெளியிட்ட அறிவிக்கையால் வந்தது இது. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கானது. நம் பட்டதாரி ஆசிரியர்கள் ஆறிலிருந்து பத்து வரை கற்பிக்கிறவர்கள் என்பதால் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியரும் இதைத் தாண்டியாக வேண்டும். இதன் இரண்டாம் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் உளவியலும் 30, தமிழ் முதலான முதல்மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60? ஒன்று கணக்கும் அறிவியலும், இல்லையேல் சமூக அறிவியல். இங்கிலீசு டீச்சர் ஆக விரும்புகிறவரும் இவற்றில் ஒன்றை எடுத்துத்தான் ஆக வேண்டும். அதாவது ஆங்கில ஆசிரியருக்குத் 'தகுதி' வழங்கும் தேர்வில் ஆங்கிலத்தின் பங்கு ஐந்தில் ஒன்று. வரலாறு, புவியியல், குடிமையியல் அதைப்போல இரண்டு மடங்கு.

2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 'வாத்திமார்களுக்கு ஒண்ணும் தெரியல' என்று ஊரே சிரித்தது. 150 கேள்விக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அந்த அக்டோபரிலேயே மறுதேர்வு வைத்து மூன்று மணி நேரம் கொடுத்தபோது தேறியவர்கள் பல மடங்கானார்கள். மூன்று மாதத்தில் அத்தனை பேருக்கும் அறிவு முளைத்துவிட்டதா என்ன? தேர்வு என்பது ஏற்கெனவே உள்ள தகுதியை அளக்கும் கருவியல்ல. யார் தகுதியற்றவர் என்பதை அதுவே உற்பத்தி செய்கிறது.

தேறிய பிறகும் கதை முடியவில்லை. 2014இல் வந்த அரசாணை 71, தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15 என்று பங்கு பிரித்தது. விடுதியில் தங்கி, வீட்டில் சொல்லித்தர ஆளில்லாமல் வாங்கிய பிளஸ் டூ மதிப்பெண், பத்தாண்டு கழித்தும் துரத்தி வந்தது என்று அர்த்தம். 2018இல் அரசாணை 149 இதை நீக்கிவிட்டு, தகுதித் தேர்வுக்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வை வைத்தது. பட்டதாரி ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். இடையில் கழிந்த காலத்தைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்கள் எடுக்கப்பட்டபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 என்று அறிவித்து, பிறகு 15,000 ஆக்கினார்கள். நம் பெண் அநேகமாக அதில்தான் இருந்திருப்பாள், அதே மலையில், அதே பள்ளியில்.

2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஏற்கெனவே பணியிலிருப்போரில் ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஆக, தயாராவது என்பது இனி வேலைக்கு முந்தைய ஒரு கட்டம் மட்டுமல்ல. வேலைக்குள்ளும் கூடவே வருகிற அச்சம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வேலையைத் தீர்மானிக்கிற இரண்டு தேர்வுகளிலும், சரியான விடையைத் தேர்ந்து கட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாக்கியம்கூட ஆங்கிலத்தில் பேச வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் தவறைக் கேட்டு, அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வாயும் காதும் தேவைப்படாத ஒரு மொழி ஆசிரியரை நாம் தயாரித்துக் கொண்டிருக்கிறோம்.

2. நார்மல்

இது இன்று நேற்று வந்த கோளாறல்ல. 1835இல் மெக்காலே தன் குறிப்பில் கேட்டது ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நிற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வர்க்கத்தை. ஆங்கில இலக்கியம் என்ற பாடம் இங்கிலாந்தில் நிலைபெறும் முன்பே இந்தியாவில் நிலைபெற்றதை கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த தனது நூலில் காட்டினார். மதத்தைப் போதிக்க முடியாத இடத்தில் ஒழுக்கத்தைப் போதிக்க அது பயன்பட்டது. அந்தப் பாடத்தைக் கற்பிக்க ஆள் வேண்டுமே. 1856இல் சென்னையில் ஆரம்பித்த ஆசிரியர் பயிற்சிக்கூடத்தின் பெயர் 'நார்மல் ஸ்கூல்'. அதுவே பிற்பாடு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. பெயரைக் கவனியுங்கள். நியமம், அதாவது எது சரி, எது இயல்பு என்கிற அளவுகோல். ஆசிரியரை முதலில் 'நார்மல்' ஆக்கு, பிறகு அவர் பிள்ளைகளை ஆக்குவார்.

விடுதலைக்குப் பின்னும் வடிவம் மாறவில்லை. 1959இல் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரும் இயக்கம் தொடங்கியது. தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை வாக்கிய அமைப்பு முறையில் மறுபயிற்சி கொடுத்துத் தேற்றுவது திட்டம். சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, பலர் மேலும் பலருக்கு என்று உருட்டுவது. எனவே இதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வைத்தார்கள். பனியே விழாத ஊரில் பனிப்பந்து! முயற்சி பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் அனுமானத்தைப் பாருங்கள். அறிவு மேலே இருக்கிறது, கீழே உருண்டு வரும். கீழே இருக்கிற வாத்தியார் வாங்கிக்கொள்ள வேண்டியவர். அவரிடம் மேலே போக ஏதும் இல்லை.

இன்றைய பி.எட். வகுப்பிலும் இதே அனுமானம் வாழ்கிறது. 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்று ஒரு பயிற்சி. ஆறு நிமிடம் கற்பி, ஆறு நிமிடம் விமர்சனம், பன்னிரண்டு நிமிடம் திருத்து, மறுபடி ஆறு நிமிடம் கற்பி, ஆறு நிமிடம் விமர்சனம். மொத்தம் 36 நிமிடச் சுற்று. எதிரே உட்கார்ந்திருப்பது பிள்ளைகளல்ல, பிள்ளைகளாக நடிக்கும் சக மாணவர்கள். அவர்கள் சரியான நேரத்தில் சரியான விடையைச் சொல்லி ஒத்துழைப்பார்கள். வாழவந்தி நாட்டின் ஆறாம் வகுப்புப் பிள்ளை அப்படி ஒத்துழைக்காது. தெரியாதபோது அது பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தை எப்படிக் கேட்பது என்பதற்கு 36 நிமிடச் சுற்றில் ஒரு நிமிடமும் இல்லை.

3. தவறு என்ற பாடம்

சரி, என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? சில எளிய உதாரணங்கள்.

பிள்ளை 'இஸ்கூல்' என்கிறது. வாத்தியார் சிரிக்கிறார், வகுப்பு சிரிக்கிறது. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் தொட்டு வருகிற தமிழ் விதி. பிள்ளை அந்த விதியைக் காப்பாற்றத்தான் முன்னால் ஓர் 'இ' போடுகிறது. அதற்கு நாக்குத் தடிப்பு இல்லை. இலக்கணம் இருக்கிறது.

'டிட் யூ ஏட்?' என்று எழுதுகிறது. சிவப்பு மையில் அடி. தமிழில் 'சாப்பிட்டியா' என்றால் காலம் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, கேள்வி கடைசியில் ஓர் 'ஆ' ஆக ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் கேள்வி முன்னால் வருகிறது. காலமும் வினையை விட்டு எழுந்து முன்னால் 'டிட்'டுக்குப் போய்விடுகிறது. பிள்ளை கேள்வியை முன்னால் கொண்டுபோகக் கற்றுவிட்டது, காலத்தை வினையை விட்டுப் பிரிக்க இன்னும் மனம் வரவில்லை. பாதி தூரம் வந்திருக்கிறது. வந்த பாதியைப் பார்க்கத் தெரிந்தவர்தான் ஆசிரியர். கற்பவரின் தவறுகள் கற்றல் நடப்பதற்கான சான்றுகள் என்று பிட் கார்டர் 1967இலேயே எழுதிவிட்டார். பயிற்சிக் கல்லூரிகளில் இது தேர்வுக்குரிய ஒரு மேற்கோளாக மட்டும் மிஞ்சியது.

இன்னொன்று. 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'வி' ஒன்றுதான். கேட்பவரைச் சேர்த்தா, விட்டா என்ற கேள்வியே அங்கு எழாது. பாடநூலில் 'நம் நாடு', 'நம் வரலாறு' என்று வரும் இடங்களில், அந்த 'நம்'முக்குள் தான் உண்டா என்று மலைப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும். அப்புறம் 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் 'யூ' ஒன்றே. வாத்தியாரையும் 'யூ' என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் பிள்ளைக்கு வாய் வராது. இது மொழிப் பிரச்சினையா, அதிகாரப் பிரச்சினையா? இரண்டும்தான். இதை வகுப்பில் பேச முடிகிற ஆசிரியர் இலக்கணத்தோடு வேறொன்றையும் கற்பித்து விடுகிறார்.

இந்தப் பிள்ளை இரண்டு தாவல் தாவுகிறது என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். கொல்லிமலைப் பேச்சு தமிழ்தான், ஆனால் பாடநூல் தமிழல்ல. வீட்டுப் பேச்சிலிருந்து பாடநூல் தமிழுக்கு ஒரு தாவல், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொன்று. முதல் தாவலில் அடிபட்ட பிள்ளையிடம் 'தமிழே வரலே, இங்கிலீசு எங்க வரப்போவுது?' என்று கேட்பது இன்றும் நடக்கிறது.

4. இந்த அறிவு யாரிடம் இருக்கிறது?

இங்குதான் நாம் சொல்ல வந்தது இருக்கிறது. மேலே சொன்னவற்றை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் இது அனுபவமாக இருக்கிறது. எந்த இடத்தில் புரியாமல் போயிற்று, எந்த இடத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது, எந்தச் சொல் ஒருநாள் சட்டென்று திறந்தது. செம்மேட்டுப் பள்ளியிலிருந்து குமாரபாளையம் வரை போன பெண்ணுக்கு இது மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகவே தெரியும். ஆனால் ஐந்து வருடப் படிப்பும் இரண்டு தேர்வும் அவளை என்ன செய்கின்றன? தான் கற்ற வழியை மறைக்கச் செய்கின்றன. தனக்கு இங்கிலீசு எப்போதும் வந்துகொண்டிருந்தது போன்ற ஒரு பாவனையோடு அவள் திரும்பி வருகிறாள். அவளிடம் இருந்த ஆகச்சிறந்த கற்பித்தல் கருவியைப் பிடுங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம். பிள்ளைகளுக்கு அவள் பரிமாறுவது பிறகு அந்தப் பாவனையைத்தான்.

இது நம் மனப்பதிவு மட்டுமல்ல. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய சோதனையை நம்மில் பலர் அறியமாட்டோம். உலக மொழிக்கல்வி நூல்களில் இன்றும் பேசப்படுவது அது. இலக்கணத்தை வரிசை போட்டு நடத்தாமல், ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து யோசித்துத் தீர்க்க வேண்டிய கணக்குகளை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அடிப்படை. அதே பிரபு 1990இல் எழுதிய கட்டுரையில், சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்றார். முக்கியமானது, 'இப்படிச் செய்தால் பிள்ளை கற்கும்' என்று ஆசிரியருக்குள் உயிரோடிருக்கும் ஒரு நம்பிக்கை உணர்வு. அது எங்கிருந்து வருகிறது? பிறவற்றோடு, அவர் தாமே மாணவராக இருந்த அனுபவத்திலிருந்து. பனிப்பந்துக்கு நேர் எதிரான சிந்தனை இது.

யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொரு சாட்சி. சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில், போர்க்காலத்தில் தம் பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கி வைத்தவற்றைப் படித்துக் காட்டினார். வகுப்பில் பணிவாக இலக்கணம் கேட்ட மாணவர்கள், பக்க ஓரத்தில் படங்களாலும் கேலியாலும் தங்கள் உலகத்தை எழுதி வைத்திருந்தார்கள். மாணவர் வெறும் அடிமையுமல்லர், முழுக் கலகக்காரருமல்லர். அந்த ஓரங்களைப் படிக்கத் தெரிவதே ஆசிரியர் பயிற்சியின் முதல் பாடமாக இருக்கலாம்.

5. ஓர் எதிர்வாதம்

'அனுபவம் அனுபவம்னு பேசி, சுமாரா இங்கிலீசு தெரிஞ்ச ஆளையே மலைக்கு அனுப்பிடலாம்னு சொல்றீங்களா?' என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நகரத்துப் பிள்ளைக்கு வளமான ஆங்கிலம், பழங்குடிப் பிள்ளைக்கு அனுதாபம் என்றால் அது பச்சைத் துரோகம். ஆங்கிலம் மறுக்கப்பட்டதன் வலியை அறிந்தவர்கள் என்பதால்தான் சாவித்திரிபாய் பூலே முதல் இன்றைய தலித் சிந்தனையாளர்கள் வரை அதை உரிமையாகக் கேட்டார்கள். நாம் சொல்வது குறைந்த ஆங்கிலம் அல்ல, கூடுதல் ஆங்கிலம். முப்பது மதிப்பெண் ஆங்கிலத்தைத் தகுதி என்று வைத்திருக்கும் அமைப்புதான் சுமாரான ஆளை அனுப்புகிறது. ஐந்து வருடத்தில் சாசருக்கும் மில்டனுக்கும் நோட்ஸ் மனப்பாடம் செய்த நேரத்தில், நாள்தோறும் ஒரு மணி நேரம் பயமில்லாமல் பேசவும், விரும்பியதைப் படிக்கவும், பிழையோடு எழுதித் திருத்தவும் அவளுக்கு இடம் கொடுத்திருந்தால் அவள் ஆங்கிலம் வேறாக இருந்திருக்கும்.

மண்ணின் மகள் என்பதாலேயே ஒருவர் நல்ல ஆசிரியராகிவிடுவார் என்றும் நாம் சொல்லவில்லை. தான் பட்ட அவமானத்தை அப்படியே பிள்ளைகளுக்குக் கைமாற்றுபவர்களும் உண்டு. 'நான் அடி வாங்கித்தான் படிச்சேன்' என்பதும் ஓர் அனுபவம்தானே. அனுபவத்தைப் பரிசீலிக்க வேண்டும், எழுத வேண்டும், பிறரோடு வைத்துப் பேச வேண்டும். அதைச் செய்ய இடம் தருவதற்குப் பெயர்தான் பயிற்சி.

6. என்ன செய்யலாம்

ஒன்று: பி.எட். மாணவர்கள் முதலில் எழுத வேண்டியது பாடத்திட்டக் குறிப்பேடல்ல. தாங்கள் ஆங்கிலம் கற்ற கதை. தமிழிலேயே எழுதட்டும், பிறகு ஆங்கிலத்தில்.

இரண்டு: 2014 விதிகளின்படி இரண்டாண்டில் இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். கல்லூரிக்குப் பக்கத்துப் பள்ளியில் கையெழுத்து வாங்கும் சடங்காக அது முடியக் கூடாது. அதில் ஒரு பகுதியாவது கொல்லிமலை, கல்வராயன், சவ்வாதுமலைப் பள்ளிகளில், அங்கேயே தங்கி நடக்கட்டும். பிள்ளைகளின் தவறுகளைச் சேகரித்து, காரணம் எழுதிக் கொண்டு வரட்டும்.

மூன்று: ஆங்கிலம் மலைக்குப் புதிதல்ல. வளைவுகளின் எண் பலகை, சுற்றுலா விடுதி விளம்பரம், உரச்சாக்கு, பூச்சிமருந்து டப்பா என எங்கும் கிடக்கிறது. மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் அளவைச் சொல்லும் நிற அடையாளம் உண்டு. அதன் கூடவே இருக்கும் ஆங்கிலச் சொற்களைப் படிக்கத் தெரிவது ஒரு உயிர்ப் பிரச்சினை. பிரபு ரயில் அட்டவணையை எடுத்தார். நமக்கு நாமக்கல் பஸ் நேரமும் மிளகு விலையும் இருக்கின்றன.

நான்கு: தேர்வு. ஆங்கில ஆசிரியருக்கான தகுதித் தேர்வில் ஆங்கிலம் மையமாக வேண்டும். கட்டம் நிரப்புவதோடு, ஒரு பிள்ளையின் பத்து வரியைக் கொடுத்து 'இந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கிறது?' என்று ஒரு கேள்வியாவது கேட்கட்டும். 'என்ன தெரியவில்லை' என்று கேட்கத்தான் நமக்கு நூற்றைம்பது ஆண்டுப் பயிற்சி இருக்கிறதே.

இவற்றில் முதலாவதற்கு அரசாணை தேவையில்லை. ஆசிரியர்களாக உள்ள தோழர்கள் தாம் இங்கிலீசு கற்ற கதையை, வெட்கத்தை விட்டு, எழுதிப் பார்க்கலாம். நம் பெண் வாழவந்தி நாட்டு வகுப்பறையில் முதல் நாள் நிற்கும்போது கையில் அப்படி நாலு கதை இருந்தால், பின் வரிசையிலிருந்து 'இஸ்கூல்' என்று ஒரு குரல் கேட்கிறபோது அவள் சிரிக்கமாட்டாள்.